கொழுந்து, கூடை, தராசு

அந்த அக்காவுக்கு முன்னால் எப்போதும் கொஞ்சம் வெறும் ரோடு இருந்தது.

பலாங்கொடை டவுனில் சந்தை நாளன்று பஸ்ஸும் லொறியும் ஆட்டோவும் ஒன்றின் முதுகில் ஒன்று ஏறாத குறையாக நிற்கும். அந்த நெரிசலிலும் அவருடைய வெள்ளை வேனுக்கு முன்னால் மட்டும் ஒரு வீட்டு வாசல் அளவுக்கு இடம் காலியாகக் கிடக்கும். மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்திலிருந்து பார்த்தால் வண்டிகள் எறும்பு மாதிரி தெரியும். அந்த வரிசையில் எங்கே ஓர் ஓட்டை இருக்கிறதோ, அதற்குப் பின்னால் வருவது எங்கள் ஸ்கூல் வேன். நம்பர் பிளேட் பார்க்க வேண்டியதில்லை.

அவருடைய பெயரை எழுதப் போவதில்லை. எங்களில் பாதிப் பேருக்கு அது தெரியாது. எங்களுக்கு வேன் அக்கா. எங்கள் அப்பாமார்களுக்கும் வேன் அக்கா. பஸ் ஓட்டுகிற சிங்களக்காரர்களுக்கும் அவர் அக்காதான், அந்தச் சொல் இரண்டு பாஷைக்கும் பொது என்பதால். அப்போது அவருக்கு நாற்பது ஆகியிருக்காது. தலையை இறுக்கிப் பின்னிக் கொண்டை போட்டு, ஆம்பிளைச் சட்டை ஒன்றை மேலே மாட்டிக்கொண்டு, செருப்பைக் கழற்றிச் சீட்டுக்குப் பின்னால் வைத்துவிட்டு, வெறுங்காலோடு ஓட்டுவார். செருப்பு வழுக்கி பிரேக்குக்கு அடியில் போய்விடுமாம்.

நான் எங்கள் வீட்டில் முதன்முதலாக ஒழுங்காகப் படித்தவள். அப்பா கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டதோடு நின்றுவிட்டவர். அம்மாவுக்கு அதுவும் வாய்க்கவில்லை. ஓ.எல். பரீட்சை பாஸாகி டவுன் பாடசாலையில் உயர்தரம் படிக்கப் போன நாளில், எங்கள் லயத்தில், அந்த நீள வரிசை வீடுகளில், எல்லோரும் வாசலுக்கு வந்து பார்த்தார்கள். அந்தக் கர்வம் எனக்கு இருந்தது. இப்போதும் இருக்கிறது, மறைக்க மாட்டேன். வேன் அக்கா அதைக் கண்டுபிடித்து, முதல் வாரத்திலேயே என்னை ‘டீச்சரம்மா’ என்று கூப்பிட ஆரம்பித்தார்.

"டீச்சரம்மா, கால எடுங்க. கதவ சாத்தணும்."

முன்னால் போகிற வண்டி ஒரு வெள்ளைக் கல்லையோ மரத்தையோ தாண்டியதும், அக்கா வாய்க்குள் ஆரம்பிப்பார்: "கொழுந்து... கூடை... தராசு..." மூன்றாவது சொல் முடிவதற்குள் எங்கள் வேன் அதே கல்லை எட்டிவிட்டால், கிட்டப் போய்விட்டோம் என்று அர்த்தம். அவருடைய கால் தானாகவே ஆக்சிலேட்டரிலிருந்து எழும்பும். மழை பெய்தால் அந்த மூன்றையும் இரண்டு தடவை சொல்வார். பனிமூட்டம் என்றால் மூன்று தடவை. நாங்கள் ஏறின புதிதில் இதைக் கேட்டுச் சிரித்தோம். இரண்டு வாரத்தில், என்னைத் தவிர வேன் முழுக்க அதைச் சேர்ந்து பாட ஆரம்பித்தது. பின் சீட்டுச் சின்னப் பிள்ளைகள் "கொழுந்துகூடதராசு" என்று ஒரே மூச்சில் முடித்துவிட்டு, "முடிஞ்சிச்சு அக்கா, இப்ப போங்க" என்று ஏமாற்றப் பார்ப்பார்கள்.

"ஏங்க்கா, ஒண்ணு ரெண்டு மூணுன்னு எண்ணினா என்னா?" என்று ஒருநாள் கேட்டேன். படித்தவள் அல்லவா, எண்களில்தான் எனக்கு நம்பிக்கை.

"எண்ணிப் பாரு."

எண்ணினேன்.

"பாத்தியா? பள்ளிக்கூடம் விட்ட புள்ள மாதிரி ஓடுது. நமக்கு அவசரம்னா எண்ணிக்கையும் அவசரப்படும். கொழுந்து எடுக்குறது, கூடையில போடுறது, தராசுகிட்ட போய் நிக்கிறது. இதுல எதையாச்சும் அவசரமா செஞ்சிட முடியுமா? ஒங்கம்மாகிட்ட கேளு."

தேயிலைக் கொழுந்து பறிக்கிற அம்மாவிடம் கேட்டேன். "தராசுகிட்டயா? அங்க நின்னு நின்னு எனக்கு காலே வளைஞ்சி போச்சு" என்றார்.

அக்கா இப்படி விட்டு வைக்கிற இடத்தில் யாராவது புகாமல் இருப்பார்களா? தினமும் புகுந்தார்கள். ஆட்டோக்காரர்களுக்கு அது சாமி திறந்துவிட்ட வழி. பக்கவாட்டில் வந்து, ஒரு ஹோர்ன் அடித்து, எங்கள் முன்னால் சொருகிக்கொள்வார்கள்.

"பூந்துட்டான்க்கா!" என்று நாங்கள் கத்துவோம்.

"பூரட்டும். அவனுக்கும் ஒரு எடம் வேணும்ல."

அப்புறம் கொஞ்சம் வேகம் குறைத்து, மறுபடியும் முதலிலிருந்து கொழுந்து, கூடை, தராசு. காலையில் எத்தனை ஆட்டோ புகும் என்று நாங்கள் பந்தயம் வைப்போம். ஏழு என்று சொன்ன பெண் ஒருநாள் ஜெயித்தாள். அன்றைக்கு அவளுக்கு ஜன்னல் சீட்டு.

பின்னால் ஒட்டிக்கொண்டு வருகிறவர்களிடம் அக்கா நடந்துகொண்ட விதம்தான் எனக்குப் பிடிபடவே இல்லை. கண்ணாடியைப் பார்த்து, "ஒருத்தன் நம்ம வேன மோந்து பாத்துக்கிட்டே வர்றான்" என்பார். மற்றவர்கள் அந்த நேரம் வேகமாக ஓடித் தப்பப் பார்ப்பார்கள். அக்கா முன்னால் இன்னும் கூடுதலாக இடம் விடுவார்.

"நான் பட்டுனு பிரேக் அடிச்சா அவன் எங்க போவான்? நேரா ஒங்க மடியில. எனக்கு முன்னால எடம் இருந்தா மெதுவா நிப்பாட்டலாம். நான் மெதுவா நிப்பாட்டினா அவனும் மெதுவா நிப்பாட்டுவான். அவனுக்கும் சேத்து நான்தான் எடம் வெக்கணும். அவன்தான் வெக்க மாட்டேங்குறானே."

நிறுத்தப் போகிறபோது பிரேக்கை இரண்டு மூன்று தடவை லேசாகத் தொட்டுத் தொட்டு எடுப்பார். பின்னால் சிவப்பு லைட் கண் சிமிட்டும். அதற்கு ‘சொல்லிட்டு நிக்கிறது’ என்று பெயர். நின்ற பிறகும், முன்வண்டியின் பின் டயர் தரையைத் தொடுகிற இடம் அவர் சீட்டிலிருந்து தெரிய வேண்டும். தெரியாவிட்டால் கிட்ட வந்துவிட்டோம் என்று நாக்கைக் கடித்துக்கொள்வார்.

இந்தப் பழக்கம் வேனோடு நின்றிருந்தால் பரவாயில்லை. பேக்கரியில் பாண் வாங்குகிற வரிசையிலும் அவருக்கு முன்னால் ஓர் ஆள் நிற்கிற இடம் காலியாக இருக்கும். பிந்தி வந்தவர்கள் அதில் நின்று பாண் வாங்கிப் போவார்கள். கோயில் திருவிழாவுக்குப் புருசனோடு நடந்து வருகிறபோதுகூட, நாலைந்து எட்டு பின்னால்தான் வருவார். டவுனிலிருந்து வந்திருந்த ஒரு மிஸ் அதைப் பார்த்துவிட்டு, "இந்தக் காலத்துலயும் புருசனுக்குப் பின்னாலயா நடக்குறீங்க?" என்று வருத்தப்பட்டுக் கேட்டார்.

"இல்லங்க மிஸ். இவரு யாரையாச்சும் கண்டா சொல்லாம கொள்ளாம நின்னுடுவாரு. இவருக்கு பிரேக் லைட்டும் இல்ல" என்றார் அக்கா.

அக்கா இப்படி இருப்பதற்குத் தோட்டத்தில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். முன்பு எங்கோ பெரிய விபத்தில் மாட்டியவர், தம்பி ஒருவனைப் பறிகொடுத்தவர், ஜாதகத்தில் வாகனக் கண்டம் உள்ளவர் என்றெல்லாம் கதை. தைரியம் வரவழைத்துக்கொண்டு நானே ஒருநாள் கேட்டேன்.

அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "என்னா டீச்சரம்மா, ஒருத்தி ஒழுங்கா வண்டி ஓட்டணும்னா யாராச்சும் செத்திருக்கணுமா?"

"அப்ப ஏன்?"

வேன் அப்போது ஆறாவது வளைவைத் தாண்டிக்கொண்டிருந்தது. எதிரில் இடதுபக்கம் முழுக்க மலை. வெயில் பட்டு, அடுக்கடுக்காகத் தேயிலை. நடுவில் சேலைகள் சிவப்பும் மஞ்சளுமாக நகர்கின்றன. எங்கள் முன்னால் வெறும் ரோடு.

"இத பாக்கத்தான். லொறிக்காரனோட பின்பக்கத்தைப் பாத்துக்கிட்டே போறதுக்கா நான் லைசன் எடுத்தேன்? எனக்கு மல பாக்கணும்."

அவ்வளவுதான் காரணம். எனக்கு ஏமாற்றமாக இருந்தது.

அந்த வருசம்தான் வேனின் பின்புறம் எழுதுகிற விசயம் நடந்தது. எங்கள் பக்கத்தில் முதுகில் எழுத்து இல்லாத ஆட்டோவும் வேனும் கிடையாது. அம்மா ஆசீர்வாதம், காதல் தோல்வி, புத்தர் வாக்கு, எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும். அக்காவின் வேன் மட்டும் மொட்டையாக இருந்தது.

"பின்னால வர்றவங்களுக்கு, கொஞ்சம் தள்ளி வரச்சொல்லி எழுதணும். டீச்சரம்மா எழுதித் தாங்களேன்" என்றார்.

கட்டுரைப் போட்டியில் மாகாண மட்டம் வரை போய் வந்தவள் நான். விடுவேனா? இரண்டு நாள் யோசித்து, வெள்ளைப் பெயின்ட் வாங்கி, சின்னத் தூரிகையால் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து எழுதினேன்: ‘அன்பார்ந்த வாகன ஓட்டுநர்களே! இவ்வூர்தியில் நாளைய தலைவர்கள் பயணம் செய்கின்றனர். ஆகையால் தாங்கள் தகுந்த இடைவெளியைப் பேணி வருமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கின்றோம்.’ கீழே அதையே சிங்களத்திலும் எழுதினேன். இடம் போதாததால் எழுத்தைக் கொஞ்சம் பொடியாக்க வேண்டியிருந்தது. அப்பா அதை வந்து பார்த்தார். வாசிக்க முடியாவிட்டாலும், நாலு தரம் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

திங்கட்கிழமை காலை, டவுனுக்குள் நுழைகிற ஏற்றத்தில் வேன் நின்றது. பின்னால் ஓர் ஆட்டோ. அது மெதுவாகக் கிட்ட வந்தது. இன்னும் கிட்ட வந்தது. ஓட்டுகிறவர் கழுத்தை நீட்டிக் கண்ணைச் சுருக்குவது பின் சீட்டில் இருந்தவர்களுக்கு நன்றாகத் தெரிந்ததாம். அப்புறம் ‘டொக்’.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆட்டோவின் முன் மட்காட் லேசாக நசுங்கியிருந்தது. இறங்கி வந்த ஆட்டோக்காரர் சிங்களத்தில் மன்னிப்புக் கேட்டார். வாசித்துக்கொண்டிருந்தேன், எழுத்து சின்னதாக இருந்தது, இன்னும் இரண்டு சொல்தான் பாக்கி, அதற்குள் இடித்துவிட்டது என்றார்.

தள்ளி வரச்சொல்லி எழுதியதை வாசிக்க வந்து இடித்திருக்கிறார். அக்கா ரோட்டிலேயே உட்கார்ந்து சிரித்தார். ஆட்டோக்காரரும் சேர்ந்து சிரித்தார். அவருக்கு அந்த மிச்ச இரண்டு சொல்லையும் அக்காவே சிங்களத்தில் வாசித்துக் காட்டினார். எனக்குத்தான் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது.

"அழாதீங்க டீச்சரம்மா. ஒங்க எழுத்து அவ்வளவு நல்லா இருக்கு. ஆளையே இழுக்குது" என்றார்.

சாயந்திரம் எல்லாவற்றையும் துடைத்துவிட்டு, தூரத்திலிருந்தே தெரிகிற மாதிரி பெரிதாக எழுதலாம் என்று தீர்மானித்தோம். ‘தள்ளி வா’ என்றேன். மரியாதை இல்லை என்றார் அக்கா. ‘தள்ளி வாங்க’ என்றால் கடைக்குக் கூப்பிடுவது மாதிரி இருக்கிறது என்றாள் இன்னொரு பெண். கடைசியில் மரியாதைதான் ஜெயித்தது. ‘தள்ளி வாங்க’. கீழே சிங்களத்தில் ஒரே சொல்.

இதெல்லாம் சந்தோசமான பக்கம். எனக்குள் வேறொன்றும் வளர்ந்துகொண்டிருந்தது. எங்கள் வேன் மணியடிப்பதற்கு முன்பு போய்விடும், ஆனால் எல்லா வேன்களுக்கும் கடைசியாகத்தான் போகும். பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு சிவப்பு வேன் வரும். அதை ஓட்டிய அண்ணனுக்கு முன்வண்டியின் முதுகில் ஒட்டிக்கொண்டு போவதுதான் ஓட்டுவது. எங்களைத் தாண்டுகிறபோது ஜன்னல் வழியாக, "அக்கா, ரோட்டுல ஏதாச்சும் விழுந்திருச்சா? தேடிக்கிட்டே வர்றீங்களே!" என்று கத்துவார். சிவப்பு வேன் பிள்ளைகள் நாக்கை நீட்டுவார்கள்.

இரண்டாம் தவணைப் பரீட்சையின்போது ஒருநாள் கடும் பனிமூட்டம். அக்கா மூன்று தடவை கொழுந்து பறித்து, மூன்று தடவை கூடையில் போட்டு, மூன்று தடவை தராசில் நின்றார். போய்ச் சேர்ந்தபோது பரீட்சை தொடங்கி இருபது நிமிசம். சிவப்பு வேன் பிள்ளைகள் முதல் கேள்வியை முடித்திருந்தார்கள். மிஸ் வினாத்தாளை நீட்டினார். நான் அழுதுகொண்டே எழுதினேன்.

அன்றைக்கே முடிவெடுத்துவிட்டேன். உயர்தரப் பரீட்சைக்கு இப்படி நடந்தால் மண்டபத்துக்குள்ளேயே விடமாட்டார்கள். இரண்டு வருசம் படித்தது, அம்மாவின் வளைந்த கால், அப்பா நாலு தரம் சுற்றிப் பார்த்தது, எல்லாம் வாசலிலேயே நின்றுவிடும். எங்கள் லயத்தில் அந்தப் பரீட்சையை எனக்கு முன்னால் யாரும் எழுதியதில்லை.

அப்பாவிடம் சொன்னேன். "அந்தப் புள்ள மனசு நோகுமே" என்றார். அப்புறம், "ஒன்னோட சோதின. ஒனக்குத் தெரியும்" என்றார். சிவப்பு வேன் அண்ணனிடம் பேசி இடம் வைத்துக்கொண்டேன்.

உயர்தரப் பரீட்சைக்கு முந்தின வெள்ளிக்கிழமை சாயந்திரம், இறங்குகிறபோது அக்காவிடம் சொன்னேன். "சோதின நாளுக்கு மட்டும்தாங்க்கா. சிவப்பு வேன்ல. கொஞ்சம் முன்னுக்குப் போயிடும்னு..."

அக்கா கண்ணாடியைச் சரிசெய்தார். அது சரியாகத்தான் இருந்தது. "சரி டீச்சரம்மா. நல்லா எழுதுங்க." கதவைச் சாத்தப் போனவளை நிறுத்தி, "முன் சீட்டுல ஒக்காராத. நடு சீட்டுல ஒக்காரு. சாஞ்சி ஒக்காரு" என்றார். அவ்வளவுதான்.

திங்கட்கிழமை தூறல். சிவப்பு வேன் சொன்ன நேரத்துக்கு வந்தது. பரீட்சை எழுதுகிறவர்கள் ஐந்து பேர், மற்றப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர். நான் நடு சீட்டில் உட்கார்ந்தேன். அண்ணன் உற்சாகமாக இருந்தார். "ஏழே முக்காலுக்கு எறக்கி விடுறேன் தங்கச்சி. போயி ஒரு டீயும் குடிச்சிட்டு எழுதலாம்." இரண்டாவது வளைவில் ஒரு பஸ்ஸைப் பிடித்து, அதன் பின்னாலேயே ஒட்டிக்கொண்டார்.

முன்கண்ணாடி முழுக்கப் பஸ்ஸின் முதுகுதான். சேறு தெறித்த சிவப்பு லைட்டும், பாதி அழிந்த ஒரு வாசகமும். மலை இல்லை, ரோடு இல்லை, வெளிச்சம்கூடக் குறைவாக இருந்தது. பஸ் ஒரு வெள்ளைக் கல்லைத் தாண்டியது. என்னையறியாமல் வாய் முணுமுணுத்தது: "கொழு..." அதற்குள் கல் எங்கள் ஜன்னலைத் தாண்டிவிட்டது.

ஆறாவது வளைவுக்குக் கீழே ஒரு பெண் குடையைப் பிடித்துக்கொண்டு ரோட்டோரத்தில் கையை நீட்டினார். எங்கள் பக்கத்துப் பஸ்கள் கை நீட்டின இடத்தில் நிற்கும். நின்றது.

அண்ணன் பிரேக்கில் ஏறி நின்றார் என்றே சொல்ல வேண்டும். ஈர ரோட்டில் வேன் வழுக்கியது. பெரிய சத்தம். கண்ணாடி கொட்டியது. முன்னாலிருந்து புகை மாதிரி நீராவி. யாரோ ஒருத்தியின் சாப்பாட்டுப் பெட்டி உருண்டு வந்து என் காலில் நின்றது. ஒரு நிமிசம் எல்லோரும் கையையும் காலையும் தொட்டுப் பார்த்துக்கொண்டோம். அண்ணனின் உதட்டில் மட்டும் கொஞ்சம் இரத்தம். மற்றவர்களுக்குப் பயம்தான்.

அதற்குள் பின்னால் ஒட்டிக்கொண்டு வந்த ஆட்டோக்கள், தாண்டிப் போகலாமென்று எதிர்ப்பக்கம் இறங்கின. மேலே ஏறி வந்த லொறி அவற்றோடு முகத்துக்கு முகம் நின்றது. முன்னும் பின்னும் ஒரு சாண் இடம் இல்லை. பொலீஸ் வரும்வரை பஸ்ஸை எடுக்க முடியாது என்றார் கண்டக்டர். மணி ஏழரை தாண்டியிருந்தது. எட்டரைக்குப் பரீட்சை. நடந்தால் டவுனுக்கு ஒன்றரை மணித்தியாலம். அனுமதி அட்டையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றேன். கண்ணீர் வரவில்லை. எதுவும் வரவில்லை.

"மேல போய்ப் பாப்போம், வேற ஏதாச்சும் வண்டி திரும்புதான்னு" என்றாள் ஒருத்தி. நாங்கள் ஐந்து பேரும் வண்டிகளுக்கு இடையில் புகுந்து, வந்த வழியே மேலே ஏறினோம். எல்லா வண்டியும் ஒன்றோடொன்று முட்டி நின்றன. ஒன்றாலும் திரும்ப முடியாது. வளைவைத் தாண்டினோம்.

அங்கே ரோடு காலியாகக் கிடந்தது. ஒரு வீட்டு வாசல் அளவு இல்லை, ஒரு லயத்து வாசல் அளவு. அதற்கு அப்பால், நான்கு பக்கமும் மஞ்சள் லைட் சிமிட்டிக்கொண்டு, வெள்ளை வேன் தனியாக நின்றது. அந்த வெறும் இடத்தில்தான் தேயிலை பெக்டரி வழியாகச் சுற்றி டவுனுக்கு இறங்குகிற தோட்டத்து ரோடு பிரிகிறது. இன்னும் கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் அந்த வாயைத் தாண்டியிருப்பார். பின்னால் ஒரு லொறி ஹோர்ன் அடித்துக்கொண்டே இருந்தது. அக்கா அசையவில்லை.

"அந்தா வர்றாங்க!" என்று வேன் முழுக்கக் கத்தியது. இடித்தது சிவப்பு வேன் என்ற சேதி எங்களுக்கு முன்னாலேயே மேலே வந்திருந்தது.

நான் கிட்டப் போனதும் அக்கா ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி என் தாடையைப் பிடித்தார். "கழுத்தத் திருப்பு. இந்தப் பக்கம். வலிக்குதா?"

"இல்லக்கா. அக்கா, நான்..."

"கத பொறவு. ஏறுங்க."

சின்னப் பிள்ளைகள் மடியில் ஏறி உட்கார்ந்து எங்களுக்கு இடம் விட்டார்கள். வேன் பின்னால் எடுக்காமல், ஒரே திருப்பில் பெக்டரி ரோட்டில் இறங்கியது. கேட்டுக் காவல்காரர் ஏதோ கேட்க வாயைத் திறந்தார். "சோதின!" என்று நாங்கள் போட்ட சத்தத்தில் கம்பை நேராகத் தூக்கிவிட்டார். தேயிலைக்கு நடுவில் குறுகலான ரோடு. முன்னால் யாரும் இல்லை. அக்கா நன்றாகவே ஓட்டினார். பிழைத்தோம் என்று நினைத்தேன்.

அடுத்த திருப்பத்தில் கொழுந்து ஏற்றிய டிராக்டர் ஒன்று முன்னால் போய்க்கொண்டிருந்தது.

மணி எட்டு. அக்காவின் கால் எழும்பியது. என்னோடு சிவப்பு வேனிலிருந்து வந்த ஒரு பெண், "அக்கா, சுருக்கா, கிட்டப் போயி ஹோர்ன் அடிங்களேன்" என்றாள். அக்கா அவளைக் கண்ணாடியில் பார்த்தார்.

டிராக்டர் ஒரு சவுக்கு மரத்தைத் தாண்டியது. உயர்தரம் படிக்கிறவள் என்று நான் மட்டும் அந்தப் பாட்டில் சேர்ந்ததில்லை, அது சின்னப் பிள்ளைகள் விசயம் என்று வெளியே பார்த்துக்கொண்டிருப்பேன். அன்றைக்கு முதல் குரல் என்னுடையது.

"கொழுந்து..."

"கூடை!" என்றது வேன்.

"தராசு!"

தூறல் என்பதால் இரண்டாம் தரம். பாதி சிரிப்பும் பாதி அழுகையுமாகக் கத்தினோம். டிராக்டர்காரர் திரும்பிப் பார்த்தார். எங்கள் சத்தத்துக்குப் பயந்தாரோ என்னவோ, நிறுவைக் கொட்டகை வந்ததும் ஒதுங்கிக் கையைக் காட்டி வழிவிட்டார். அதற்கப்புறம் டவுன் வரை எங்கள் முன்னால் ரோடு மட்டும்தான்.

எட்டு இருபதுக்குப் பாடசாலை வாசலில் நின்றோம்.

"பேனா ரெண்டு இருக்கா?"

"இருக்குக்கா. நான் வந்து... மன்னிச்சி..."

"கத பொறவுன்னு சொன்னேன்ல. போ. முன்னால போறவள இடிச்சிக்கிட்டு ஓடாத."

அந்தக் கதையை அவர் பிறகும் கேட்கவில்லை. மறுநாள் காலை நான் வெள்ளை வேனுக்குக் காத்து நின்றேன். கதவைத் திறந்துவிட்டு, "டீச்சரம்மா, சிவப்பு வேனுல என்னா தெரிஞ்சிச்சு?" என்றார்.

"பஸ்ஸோட முதுகு."

டவுன் வரை அதையே சொல்லிச் சொல்லிச் சிரித்தார். எனக்கு இருந்த பயமெல்லாம் அந்தச் சிரிப்பில் போய்விட்டது. மூன்று பாடத்திலும் நல்ல பெறுபேறு. பல்கலைக்கழகம் போனேன்.

சிவப்பு வேன் அண்ணன் உதட்டுத் தழும்போடு, புது முன்பக்கம் மாட்டிய வேனோடு, சில வாரம் கழித்து என்னைத் தேடி வந்தார். "தங்கச்சி, எனக்கும் பின்னால ஒண்ணு எழுதித் தா. பெருசா எழுது." என்ன எழுத என்றேன். தலையைச் சொறிந்தார். "நானும் தள்ளித்தான் போறேன்னு எழுதேன்." எழுதிக் கொடுத்தேன். அக்கா சில நாள் அந்த வேனுக்குப் பின்னால் போய் அது உண்மையா என்று பார்த்துக்கொண்டதாகக் கேள்வி.

நான் படித்து முடித்து வருவதற்குள் அக்கா வேனை விற்றுவிட்டுக் குடும்பத்தோடு அவிசாவளைப் பக்கம் போய்விட்டார். அங்கே கார்மென்ட்ஸ் ஒன்றுக்கு வேலையாட்களை ஏற்றுகிற வேன் ஓட்டுகிறாராம். வேன் எல்லாவற்றுக்கும் கடைசியாகப் போகிறது என்று அந்தப் பெண்கள் புலம்புகிறார்களாம். கேட்டபோது மனம் நிறைந்தது.

நான் டீச்சராகவில்லை. பிரதேச செயலகத்தில் உத்தியோகம். போன மாதம் லைசன் எடுத்து, பழைய சின்னக் கார் ஒன்று வாங்கியிருக்கிறேன். எங்கள் லயத்தில் முதல் கார். அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவை முன் சீட்டில் உட்கார வைத்துப் பெல்ட்டை மாட்டிவிட்டேன். அவர் வாழ்நாளில் எந்த வண்டியிலும் முன் சீட்டில் உட்கார்ந்ததில்லை. வெள்ளை வேட்டி கட்டி, காலைக் குறுக்கி, டாஷ்போர்டைத் தொடாமல் உட்கார்ந்தார்.

டவுனை விட்டு ஏறுவதற்குள் மூன்று ஆட்டோ எங்கள் முன்னால் புகுந்துவிட்டது. ஒவ்வொரு தடவையும் நான் காலை எடுத்து, முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

"என்னா புள்ள இது? எல்லாத்தையும் உள்ள விடுற! இப்புடியே போனா நாம வீட்டுக்குப் போயி சேர மாட்டோம். கொஞ்சம் கிட்டத்தான் போயேன்" என்றார் அப்பா.

என் வாய் வேறு வேலையாக இருந்தது.

ஆறாவது வளைவில் திரும்பினோம். எங்கள் முன்னால் வெறும் ரோடு. அதற்கு மேலே, கண்ணாடி நிறைய, மலை. அப்பா முப்பது வருசம் தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டின மலை. காலைப் பனி விலகி, கீழிருந்து உச்சி வரை பச்சையாக நின்றது. அப்பா குறுக்கியிருந்த காலை மெதுவாக நீட்டினார். ஒரு கையை டாஷ்போர்டில் வைத்து, முன்னால் குனிந்தார்.

"நம்ம மலையா இது?"

"ஆமாப்பா."

அதையே பார்த்துக்கொண்டு வந்தார். முன்னால் போன ஆட்டோ பிரேக் லைட் போட்டது.

"ஏ புள்ள," என்றார், கண்ணை எடுக்காமல். "இன்னும் கொஞ்சம் தள்ளியே போ."